ஓப்பன் டிடிடி: சரக்கைத் தேங்கவிடாமல் கொண்டு சேர்க்கும் முறை

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தையும் ஒரு மின்நிலையத்தையும் தண்டவாளத்தால் இணைத்து ஒரு ரயிலை ஓடவிடுவது ஓப்பன் டிடிடி விளையாட்டில் எவருக்கும் முதல் மாலையிலேயே கைவந்துவிடும். சிக்கல் தொடங்குவது இரண்டாவது, மூன்றாவது சுரங்கங்களை அதே பாதையில் சேர்க்கும்போதுதான். ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கும், வரைபடம் முழுவதும் பாதைகள் பரவியிருக்கும், ஆனாலும் ஒரு நிலையத்தில் ஆயிரக்கணக்கான தொன் சரக்கு கிடக்க, இன்னொரு நிலையத்தில் ரயில் வெறுமனே காத்து நிற்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தண்டவாளம் போதாமை அல்ல. சரக்கு எந்த இடத்தில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டும் என்பதும், அந்த இடத்திலிருந்து வெளியேறும் கொள்ளளவு உள்ளே வருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படாததே காரணம். இந்த இரண்டையும் தீர்மானிக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

விளையாட்டைப் புதிதாக அறிபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1995இல் கிறிஸ் சோயர் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ் என்ற விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு, 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவசத் திறமூல மென்பொருளே ஓப்பன் டிடிடி. பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும். உயர வரைபடப் படமொன்றை உள்ளிட்டால் நமக்குத் தெரிந்த நிலப்பரப்பையே ஆடுகளமாக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்கு இலங்கையின் மேல் மாகாணமும் அதை அடுத்த பகுதியும் சேர்ந்த வடிவில் அமைத்த ஒரு வரைபடத்தையே பயன்படுத்துகிறேன். நிலையங்களுக்கு மருதானை, றாகம, பொல்காவலை என்று பெயர் மாற்றியிருக்கிறேன். சுரங்கங்களும் உருக்காலைகளும் விளையாட்டு தருபவை. நம் ஊரில் அவற்றைத் தேட வேண்டாம்.

சேருமிடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல்

பாதை போடுவதற்கு முன் வருமானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சரக்கு ஏறிய நிலையத்துக்கும் இறங்கிய நிலையத்துக்கும் இடையே கிடையாகவும் நெடுக்காகவும் உள்ள கட்டங்களின் கூட்டுத்தொகையே தூரமாகக் கொள்ளப்படும். ரயில் சுற்றி வந்த தூரத்துக்குக் காசு கிடையாது. ஆகவே மலையைச் சுற்றிப் போகும் பாதை, கட்டுமானச் செலவை மிச்சப்படுத்தினாலும், ஒவ்வொரு பயணத்திலும் நாட்களைத் தின்றுவிடும்.

அந்த நாட்கள் எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவில் உறுத்துவதில்லை. விளையாட்டின் மிதவெப்ப வலயத்தில் நிலக்கரி 17 நாட்கள் வரை முழு விலை பெறும், அதன் பிறகும் மிக மெதுவாகவே மதிப்பு குறையும். தொழிற்சாலைப் பண்டங்களுக்கு முழு விலை ஏறத்தாழ 12 நாட்களுக்குத்தான், 82 நாட்களைத் தாண்டினால் இழப்பு இருமடங்கு வேகத்தில் ஏறும். கால்நடைக்கு அந்த எல்லை 55 நாட்கள். ஆட்டத்தின் ஒரு நாள் என்பது நமது நேரத்தில் ஏறத்தாழ 2 வினாடிதான் என்பதால் இவை கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம்: நிலக்கரி, இரும்புத் தாது, மரம் ஆகியவற்றை இடையில் ஒருமுறை இறக்கி ஏற்றுவதால் பெரிய நட்டமில்லை. பண்டங்களையும் கால்நடையையும் முடிந்தவரை ஒரே வண்டியில் நேராகக் கொண்டு சேர்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு விதியும் உண்டு. சரக்கின் வயது வண்டிக்குள் இருக்கும்போது மட்டுமே கூடும், நிலையத்தில் காத்திருக்கும் நாட்கள் விலையைக் குறைப்பதில்லை. எனவே இடைமாற்று நிலையத்தில் சரக்கு சில நாட்கள் கிடப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் அது வேறொரு வழியில் நட்டம் தரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இடைமாற்று நிலையம்

புறக்கோட்டையைக் காலையில் பார்த்தவர்களுக்கு இந்த முறையை நீட்டி விளக்கத் தேவையில்லை. கொள்கலன் லொறி ஒடுக்கமான குறுக்குத் தெருக்களுக்குள் போகாது. பெருந்தெருவோரம் நிற்கும் லொறியிலிருந்து மூட்டைகளை இறக்கி, சுமை தூக்கும் நாட்டாமைமார் தங்கள் கைவண்டிகளில் கடை வாசல்வரை தள்ளிச் செல்வார்கள். ஓப்பன் டிடிடியில் திசை மட்டும் தலைகீழ்: சிறிய லொறிகள் பல சுரங்கங்களிலிருந்து சரக்கைத் திரட்டி வந்து ஓரிடத்தில் குவிக்க, நீண்ட ரயில் அதைத் தூர தேசத்துக்கு எடுத்துச் செல்லும்.

இதற்கு ஆணைப் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். லொறிக்குச் சுரங்க நிலையத்தில் ‘ஃபுல் லோட்’, அதாவது நிரம்பும்வரை காத்திரு என்ற ஆணை. இடைமாற்று நிலையத்தில் ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்ற ஆணையோடு வெறுமையாகத் திரும்பு என்ற தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால், லொறி தான் கொட்டிய நிலக்கரியையே மறுபடி அள்ளிக்கொண்டு சுரங்கத்துக்குத் திரும்பும், பிறகு அங்கே ஏற்ற இடமின்றி அதே நிலக்கரியோடு இடைமாற்று நிலையத்துக்கு வரும். வெளியிலிருந்து பார்த்தால் லொறிகள் ஓடுவதாகவே தோன்றும், குவியல் மட்டும் வளராது. இந்த அடையாளத்தைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆணையைத்தான். ரயிலுக்கு இடைமாற்று நிலையத்தில் ‘ஃபுல் லோட்’, மின்நிலையத்தில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பு. அவ்வளவுதான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி அண்மையில் தொலைபேசியில் கேட்டது இது: “அண்ணை, லொறி எல்லாம் மஞ்சளிலை காசு காட்டுது, ரயில் மட்டும் நட்டம் காட்டுது, ரயிலை வித்துப்போடவோ?” விற்கக் கூடாது. லொறி சரக்கை மாற்றிக் கொடுக்கும்போது தோன்றும் தொகை அதன் பங்குக்கான மதிப்பு மட்டுமே. அந்த நேரத்தில் கணக்கில் காசு சேராது. கடைசி வண்டி சரக்கை ஒப்படைக்கும்போதுதான் முழுத் தொகையும் நிறுவனத்துக்குக் கிடைக்கும். அந்தத் தொகையிலிருந்து லொறிகளின் பங்கைக் கழித்த மிச்சமே ரயிலின் பெயரில் எழுதப்படும். லொறி மின்நிலையத்துக்கு எதிர்த் திசையில் வெகுதூரம் சென்று சரக்கை மாற்றினால், அதன் பங்கு மொத்த வருமானத்தையே மிஞ்சி ரயில் நட்டம் காட்டுவது இயல்பு. ஆகவே தனி வண்டியின் லாபத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், அந்த வழியில் உள்ள எல்லா வண்டிகளையும் ஒரு குழுவாக்கி, ஆண்டு முடிவில் குழுவின் மொத்த லாபத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் வரைபடத்தில் உண்மையான குறை, இடைமாற்று நிலையம் மின்நிலையத்துக்கு எதிர்ப்புறம் அமைந்திருந்ததே. நிலையத்தை நகர்த்தியதும் கணக்கு நேரானது.

உள்ளே வருவதும் வெளியே போவதும்

இங்கே எல்லோரும் கடதாசியை எடுத்து ஒரு சிறிய கணக்குப் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன், ஏனெனில் நெரிசல்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாததால் வருபவை.

மூன்று சுரங்கங்கள், ஒவ்வொன்றும் மாதம் 150 தொன் உற்பத்தி, நிலைய மதிப்பீடு, அதாவது உற்பத்தியில் நம் நிலையத்துக்கு வரும் பங்கு, 70 சதவீதம் என்று கொள்வோம். ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் 105 தொன், மொத்தம் 315 தொன் மாதாமாதம் இடைமாற்று நிலையத்துக்கு வரும். தொடக்ககால நிலக்கரி லொறி 20 தொன் ஏற்றும் என்பதால் ஒரு சுரங்கத்துக்கு மாதம் 6 நடைகள் தேவை. போய்வர 15 நாள் எடுத்தால் ஒரு லொறிக்கு மாதம் இரண்டு நடை, ஆகவே சுரங்கத்துக்கு மூன்று லொறிகள். இனி ரயில்: 20 தொன் பெட்டிகள் 10 கொண்ட ரயில் ஒரு நடையில் 200 தொன் ஏற்றும். போய்வர 40 நாள் என்றால் ஒரு ரயிலின் மாதக் கொள்ளளவு 150 தொன், இரண்டு ரயில்களுக்கு 300. பார்க்கப் போதுமானதாகத் தோன்றும், ஆனால் மாதம் 15 தொன் மிஞ்சும், ஓர் ஆண்டில் 180 தொன் குவியும். மூன்றாவது ரயில் வேண்டும். 450 தொன் கொள்ளளவு மிகையல்ல, தேவை. உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றிச் செல்லப்படும் சுரங்கத்தின் உற்பத்தி கூடும் வாய்ப்பு அதிகம் என்பதால், நன்றாக நடத்தப்படும் வழியில் சரக்கு நாளடைவில் பெருகவே செய்யும். வெளியேறும் கொள்ளளவு எப்போதும் வரவைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டின் நுரைச்சோலை மின்நிலையத்துக்கு நிலக்கரி வரும் வழியை அறிந்தவர்கள் இதன் முக்கியத்துவத்தை எளிதில் உணர்வார்கள். கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. கடலில் நின்றபடியே படகுகளுக்கு நிலக்கரியை மாற்றுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் அந்த வேலை நின்றுவிடும், அதற்கு முன்பே மாதக்கணக்குக்குத் தேவையானதைக் குவித்துவைக்க வேண்டியிருக்கிறது. இடைமாற்று இடத்தின் வேகமே முழு வழியின் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

நிலைய மதிப்பீடு

சுரங்கத்தின் உற்பத்தியில் எவ்வளவு நம் கைக்கு வரும் என்பதை இந்தச் சதவீதமே தீர்மானிக்கிறது. இதில் மிகப் பெரிய பங்கு, கடைசியாகச் சரக்கு ஏற்றப்பட்டு எத்தனை நாளாயிற்று என்பதற்கே. ஏழரை நாளுக்குள் என்றால் 51 சதவீதம் கிடைக்கும், 15 நாளானால் 37, 30 நாளானால் 20 என்று சரியும். காத்திருக்கும் சரக்கு குறைவாக இருந்தால் 16 வரை, வண்டி புதிதாக இருந்தால் 13 வரை, வேகத்துக்கு 17 வரை. நகரசபையில் நிறுவனத்துக்குச் சிலை எழுப்பினால் மேலும் 10. வேகத்துக்கான புள்ளி மணிக்கு 85 கிலோமீற்றருக்கு மேல்தான் தொடங்கும், ஆகவே மணிக்கு 48 கிலோமீற்றரில் ஓடும் தொடக்ககால லொறிக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு வண்டி எப்போதும் நிலையத்தில் ஏற்றிக்கொண்டே நிற்கும்படி பார்த்துக்கொண்டால் நாள் கணக்கு ஏறாது, 51 சதவீதம் நிரந்தரமாகக் கையில் இருக்கும். ‘ஃபுல் லோட்’ ஆணையின் உண்மையான பயன் இதுவே. புதிய லொறியும் குறைந்த குவியலும் சேர்ந்தால், வேகப் புள்ளி இல்லாமலேயே 80 சதவீதத்தை எட்டலாம்.

இடைமாற்று நிலையத்துக்கும் தனி மதிப்பீடு உண்டு. லொறி கொண்டுவந்து கொட்டுவது முழுமையாகவே சேரும். ஆனால் அங்கே மதிப்பீடு பாதிக்குக் கீழே விழுந்தால், குவிந்த சரக்கில் ஒரு பகுதி அவ்வப்போது காணாமற்போகும். முன்னால் சொன்ன மறைமுக நட்டம் இதுதான். இடைமாற்று நிலையத்தில் ஒரு ரயில் எப்போதும் ஏற்றியபடி நின்றால் இந்த இழப்பும் நின்றுவிடும். அதற்காக, ஏற்றும் ரயிலுக்கு ஒரு மேடையும் அடுத்து வரும் ரயிலுக்கு இன்னொரு மேடையுமாகக் குறைந்தது இரண்டு மேடைகள் வேண்டும்.

உருக்காலையும் தொழிற்சாலையும்

இரண்டாம் நிலைத் தொழில்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரும்புத் தாது உருக்காலையில் இறங்கிய அந்தக் கணத்திலேயே உருக்கு உற்பத்தியாகும். 200 தொன் தாதுடன் ரயில் வந்தால் 200 தொன் உருக்கு ஒரேயடியாகத் தோன்றி, அந்த நேரத்து மதிப்பீட்டுக்கு ஏற்ற பங்கு மட்டும் உங்கள் நிலையத்தில் சேரும், மிச்சம் போய்விடும். எனவே தாது ரயில் வந்து சேரும்போது உருக்கு ரயில் அங்கே ஏற்றக் காத்து நின்றிருக்க வேண்டும். எந்த வண்டியும் இதுவரை உருக்கு ஏற்ற வந்திராத நிலையத்தில் உருக்கு சேரவே சேராது என்பதால், முதலாவது உருக்கு ரயிலைத் தாது ரயிலுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். தாதுப் பெட்டியையும் உருக்குப் பெட்டியையும் ஒரே ரயிலில் கோத்து இருவழியும் பயன்படுத்த முயல்பவர்கள் உண்டு. எப்போதும் பாதி ரயில் வெறுமையாக ஓடும் அந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பண்டங்களைப் பொறுத்தவரை, சேருமிட நகரம் அவற்றை ஏற்கிறதா என்று நிலையம் கட்டுமுன் பார்க்க வேண்டும். சிறிய ஊர்கள் ஏற்பதில்லை. நகரம் பழைய கட்டடங்களை இடித்துப் புதியவற்றை எழுப்பும்போது, நேற்று ஏற்ற நிலையம் இன்று ஏற்காமற்போகலாம். ஏற்பு விளிம்பில் இருந்தால், நகரின் நடுப்பகுதியையும் நிலையத்தின் சுற்றெல்லை, அதாவது அதன் சேவை எட்டும் பரப்பு, தொடும்படி நிலையத்தை விரிவுபடுத்துங்கள். ரயில் நிலையத்தின் சுற்றெல்லை 4 கட்டம், லொறி நிலையத்துக்கு 3, துறைமுக மேடைக்கு 5.

சந்தியைக் கடக்கும் வழி

றாகமச் சந்தியில் புத்தளம் பாதை பிரதான பாதையிலிருந்து பிரிகிறது. என் வரைபடத்திலும் அதே இடத்தில் அதே பிரிவு இருக்கிறது, பயணிகள் ரயில்களும் சரக்கு ரயில்களும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. அந்தச் சந்தியைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஓர் இஞ்சினும் 10 பெட்டிகளும் கொண்ட ரயில் 6 கட்டம் நீளம். சந்தியைத் தாண்டியதும் அடுத்த சமிக்ஞை 4 கட்டத்தில் இருந்தால், அந்தச் சமிக்ஞை சிவப்பாக இருக்கும்போது ரயிலின் தலை அங்கே நிற்க, வால் சந்தியின் குறுக்கே கிடக்கும். கொழும்பிலிருந்து வரும் பயணிகள் ரயில் அதன் பின்னால் நிற்கும், அதன் பின்னால் மூன்றாவது ரயில் மருதானைவரை அடைத்துக்கொள்ளும். சந்திக்கு முன்னால் பாதைச் சமிக்ஞை (முன்னுள்ள வழி ஒதுக்கப்பட்ட பிறகே ரயிலை விடும் சமிக்ஞை), சந்திக்குப் பின்னால் மிக நீளமான ரயில் முழுமையாக நிற்கக்கூடிய இடத்துக்கு அப்பால்தான் அடுத்த சமிக்ஞை: இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் முக்கால்வாசி அடைப்புகள் ஏற்படவே மாட்டா.

ரயில்கள் தமக்கான வழியைத் தாமே தேடிக்கொள்ளும். அந்தத் தேடல் தூரத்தோடு சிவப்புச் சமிக்ஞைகளையும் நிரம்பிய மேடைகளையும் கணக்கில் எடுப்பதால், நெரிசல் நேரத்தில் சரக்கு ரயில் எதிர்பாராத விதமாகப் பயணிகள் நிலையத்தின் ஊடாகப் போக முயலும். அதைத் தடுக்க, நகரத்தைச் சுற்றிச் செல்லும் புறவழிப் பாதையில் ஒரு ‘வேபொயின்ட்’ கட்டி, சரக்கு ரயிலின் ஆணைப் பட்டியலில் இடைமாற்று நிலையத்துக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே அதைச் சேர்த்துவிடுங்கள். ரயில் அங்கே நிற்காது, ஆனால் அவ்வழியேதான் போகும். திரும்பும் பயணத்துக்கும் இன்னொன்றைச் சேர்க்க மறக்க வேண்டாம். ஒரே வழியில் ஓடும் எல்லா ரயில்களுக்கும் ஆணைப் பட்டியலைப் பகிர்ந்து கொடுத்துவிட்டால், பின்னர் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

கார்கோடிஸ்ட்

2014இல் வெளிவந்த 1.4 பதிப்பு முதல், சரக்குக்கே ஒரு சேருமிடத்தை ஒதுக்கும் ‘கார்கோடிஸ்ட்’ என்ற வசதி விளையாட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் சுற்றுச்சூழல் பகுதியின் கீழ் சரக்குப் பகிர்வு என்ற பிரிவில் அதை மாற்றலாம். ‘மனுவல்’ என்றால் பழைய முறை: சரக்கு எந்த வண்டியிலும் ஏறும், ஏற்கும் எந்த நிலையத்திலும் இறங்கும். ‘சிமெட்ரிக்’ என்பது போனவர் திரும்பி வரும் கணக்கு, பயணிகளுக்கும் தபாலுக்கும் உரியது. ‘அசிமெட்ரிக்’ என்பது திரும்பி வருவதை எதிர்பாராமல் சேருமிடத்தை ஒதுக்கும் முறை. சுரங்கத்திலிருந்து போன நிலக்கரி திரும்பி வரப்போவதில்லை என்பதால் சரக்குக்கு ‘மனுவல்’, ‘அசிமெட்ரிக்’ ஆகிய இரண்டில் ஒன்றே பொருந்தும்.

நிலக்கரி, தாது, எண்ணெய் ஆகியவற்றை மனுவலிலேயே விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. அவற்றின் வழியை நீங்களே வகுத்துவிட்டீர்கள், இனி விளையாட்டு அதைப் பங்கிட வேண்டியதில்லை. அசிமெட்ரிக் முறையில் உங்கள் வலையமைப்போடு இணைந்துள்ள இரண்டாவது மின்நிலையத்துக்கும் சரக்கில் ஒரு பங்கு ஒதுக்கப்படும், நீங்கள் விரும்பாத திசையிலும் நிலக்கரி பயணிக்கும். ஒரு தொழிற்சாலையின் பண்டங்களைப் பல நகரங்களுக்குப் பரப்ப விரும்பினால் அசிமெட்ரிக் அழகாக வேலை செய்யும். ஆனால் பண்டங்களும் நிலக்கரியும் அமைப்புகளில் ‘பிற சரக்குகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வருவதால், அதை மாற்றும்போது எல்லாச் சரக்கும் சேர்ந்தே மாறும் என்பதை நினைவில் வைத்துத் தீர்மானியுங்கள்.

அசிமெட்ரிக்கைத் தேர்ந்தவர்கள், இடைமாற்று நிலையத்தில் ‘ட்ரான்ஸ்ஃபர்’ ஆணையைக் கட்டாயப்படுத்துவதை விட்டுவிட வேண்டும். எங்கே இறங்கி எதில் ஏற வேண்டும் என்பதைச் சரக்கே அறிந்திருக்கும், நாம் வலிந்து இறக்கினால் அது வந்த வண்டியிலேயே மீண்டும் ஏறிச் சுற்றத் தொடங்கும். இடைநிலையங்களில் ‘ஃபுல் லோட்’ கொடுப்பதும் ஆபத்து, ஏனெனில் அந்த வண்டிக்குரிய சரக்கு போதிய அளவு ஒதுக்கப்படாவிட்டால் அது நிரம்பாமல் நின்று பின்னால் வருபவற்றை மறித்துவிடும். தொடக்க நிலையத்தில் மட்டும் கொடுங்கள்.

நிலையங்களுக்கு இடையேயான இணைப்புகளை வரைபடத்தில் நிறக் கோடுகளாகப் பார்க்கும் வசதியை அடிக்கடி திறந்து பாருங்கள். பச்சை இணைப்பில் இடம் மிச்சம் இருக்கிறது, சிவப்பு இணைப்பில் கொள்ளளவை மிஞ்சிச் சரக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிவந்த கோட்டில் வண்டியைக் கூட்டுங்கள், அல்லது அதற்கு இணையாக இன்னொரு வழியைத் திறந்துவிடுங்கள். குறுகிய வழிகளை எவ்வளவு நிரப்பிய பிறகு சுற்றுவழிக்குச் சரக்கை அனுப்ப வேண்டும் என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. அது இயல்பாக 80 சதவீதத்தில் இருக்கும், அதை மாற்றத் தேவை ஏற்படுவது அரிது.

ஒரு வண்டி ஒரே ஒருமுறை போய்வந்தாலும் அந்த இரு நிலையங்களுக்கும் இடையே இணைப்பு பதிவாகிவிடும். சோதனைக்காக றாகமயிலிருந்து பொல்காவலைக்கு ஒரு சரக்கு ரயிலை ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றுவிட்டால், அந்த இணைப்பு காலாவதியாகும்வரை விளையாட்டு அவ்வழிக்குச் சரக்கை ஒதுக்கிக்கொண்டே இருக்கும், ஏற்ற வண்டி இல்லாமல் அது றாகமயில் கிடக்கும். சோதனை ஓட்டங்களுக்குத் தனி நிலையம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், சோதனை முடிந்ததும் அதை இடித்துவிடலாம்.